எழுத்துரு இல்லையேல் தமிழ் இல்லை! (பழைய வெப்சைட்டுகள் விட்டுப்போன வம்பு)



நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்குப் புதிய வெப்சைட் ஒன்று அமைக்கப் போகிறார்கள். "நீ கணிப்பொறி இன்ஜினியர்தானே, எப்படியெல்லாம் போடக்கூடாது என்று மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எப்படிப் போடவேண்டும் என்று கேட்டிருந்தால் நாலு பேர் நாற்பது யோசனை சொல்லியிருப்பார்கள். போடக்கூடாதது எது என்பதற்கு யோசனையே வேண்டாம், நடந்த சரித்திரம் போதும். முப்பது வருடச் சரித்திரம் அது. சிரிப்பதற்கும் நிறைய இருக்கிறது, வயிறு எரிவதற்கும் இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் கடப்பாக்கம். ஈ.சி.ஆர். சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் வரும். ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிறவர்கள் திரும்புகிற ஊர் என்றால் பலருக்குப் புரியும். எங்கள் ஊர் இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்தது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் பெயரே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்! ஆக, எங்கள் பகுதிக்காரர் எழுதியது, மொத்தம் 269 அடி. ஓலையிலே கைமாறிக் கைமாறி வந்து, 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சுக்கு வந்தது. அப்புறம் நூறு வருடம் கழித்துக் கணிப்பொறிக்குள் நுழைந்தது. அங்கேதான் ஆரம்பித்தது வம்பு.

உள்ளே இங்கிலீஷ், வெளியே தமிழ்

அந்தக் காலத்துக் கணிப்பொறியில் எழுத்துகளுக்கென்று மொத்தம் 256 அறைகள்தான். முதல் பாதியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் முற்புள்ளி, காற்புள்ளி வகையறாக்களும் ஏற்கெனவே குடியேறிவிட்டன. மேல்பாதியில் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கான தலைப்பொட்டு வைத்த எழுத்துகள். தமிழுக்கு எங்கே இடம்? நம் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். குடியிருப்பவர்களைக் காலி செய்யாமல், வாசலில் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டார்கள்! அதாவது கணிப்பொறி உள்ளே ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கும். திரையில் மட்டும் அந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும். அந்த வடிவங்களின் தொகுப்புக்குத்தான் எழுத்துரு, ஃபான்ட் என்று பெயர்.

உதாரணத்துக்கு இலங்கையிலும், வெளிநாட்டுத் தமிழர்களிடமும் மிகவும் பரவியிருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று தட்டினால் கணிப்பொறிக்குள் கிடப்பது என்ன தெரியுமா? ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அவ்வளவுதான். பாமினி இருக்கிற கணிப்பொறியில் அது தமிழ். இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளியேதான்.

சரி, எல்லோரும் ஒரே பலகையை மாட்டியிருந்தாலாவது பிழைத்திருக்கலாம். ஆளுக்கொரு பலகை! சுவிட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொண்டுவந்தார். சென்னையிலும் புனேயிலும் டி.டி.பி. மென்பொருள் விற்ற கம்பெனிகள் தங்கள் தங்கள் வரிசையில் எழுத்துகளை வைத்தன. பத்திரிகைகள் ஒவ்வொன்றும் தனி. இன்று பழைய தமிழை மீட்டெடுக்கும் மாற்றி மென்பொருள்களைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும், பாருங்கள்: அஞ்சல், பாமினி, மயிலை, தினமணி, தினகரன், தினத்தந்தி, முரசொலி, நக்கீரன், பழைய விகடன், வெப்உலகம், வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப், டிஸ்கி... இது பத்திரிகைப் பட்டியல் இல்லை நண்பர்களே, ஒரே மொழியை எழுத நாம் கண்டுபிடித்த வெவ்வேறு ரகசிய எழுத்துகளின் பட்டியல்!

குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு வேறு வழியும் இல்லை. இந்தத் தந்திரம் இல்லையென்றால் தமிழ் இன்டர்நெட்டுக்குப் பத்து வருடம் தாமதமாகத்தான் வந்திருக்கும். டிம் பெர்னர்ஸ்-லீ முதல் வெப்சைட்டை ஏற்றியது 1991-ல். இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைத் தர ஆரம்பித்தது 1995 ஆகஸ்ட் 15-ல். அதே வருடம் அக்டோபரில் சிங்கப்பூரில் அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் நான்கு மொழிக் கவிதைகள் அடங்கிய ஒரு வெப்சைட்டைத் திறந்துவைத்தார். அதில் தமிழை ஏற்றியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. வெப்பில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்களில் அவை சேரும். 1997-ல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கும் முன்னின்றவர் அவர்தான். 1999-ல் காலமாகிவிட்டார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சம்பளம் கொடுத்து யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

படிக்கிறவன் பாடு

எழுதியவர் தந்திரம் செய்துவிட்டார். படிக்கிறவன்? பக்கத்தின் உச்சியில் "எழுத்துரு இங்கே கிடைக்கும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். தமிழில் எழுத முடியாது, ஏனென்றால் எழுத்துரு இல்லாதவனுக்கு அது தெரியாதே! அதைத் தட்டி இறக்கி, வின்ஜிப்பில் பிரித்து, கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும். நான் பள்ளியில் படித்தபோது போன பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய். எழுத்துருவை இறக்கிப் போடுவதற்குள் அரை மணி ஓடிவிடும். அதற்கும் கடைக்கார அண்ணன், "கன்ட்ரோல் பேனல்ல கை வெக்காத தம்பி, வைரஸ் வந்துடும்" என்று விரட்டுவார். அடுத்த தளத்துக்குப் போனால் அதற்கு இன்னொரு எழுத்துரு.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் டைனமிக் ஃபான்ட். 1997-ல் நெட்ஸ்கேப் ஒரு முறையும், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேறொரு முறையும் கொண்டுவந்தன. பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் தானே வந்து இறங்கும். அடடா, என்ன வசதி! தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் நோய் போகவில்லை, வலி மட்டும்தான் போனது. உள்ளே கிடந்தது அதே ரகசிய எழுத்துதான். போதாக்குறைக்கு மைக்ரோசாஃப்ட் முறையில் எழுத்துருவை ஒரு குறிப்பிட்ட வெப் முகவரிக்குப் பூட்டி வைக்கலாம். பக்கத்தை நீங்கள் சேமித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் திறக்காது. தளத்தின் முகவரி மாறினாலும் திறக்காது. "இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 800-க்கு 600 அளவில் பார்க்கவும்" என்று அடியிலே ஒரு வாசகம் வேறு. 2004-ல் ஃபயர்ஃபாக்ஸும் 2008-ல் குரோமும் வந்து ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்ததும், ஒரு மாலைப்பொழுதில் மின்சாரம் போனது மாதிரி அந்தப் பக்கங்கள் எல்லாம் அணைந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையே 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் மூட்டை கட்டிவிட்டது.

இங்கே ஒரு சின்ன ஆதங்கம். தீர்வு இல்லாமல் இல்லை! உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி அறை ஒதுக்கும் யூனிகோடு முறையின் முதல் பதிப்பு 1991-லேயே வந்துவிட்டது. அதிலே தமிழுக்கு 128 இடம் கொண்ட தனி வீடு உண்டு. ஆனால் அந்த வீட்டின் சாவி சாமானியன் கைக்கு வரவில்லை. விண்டோஸ் 2000-ல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோடு வந்தது. எக்ஸ்பியில்கூட, ரீஜனல் செட்டிங்ஸில் போய் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி சி.டி.யைச் செருகினால்தான் கொம்பும் காலும் ஒழுங்காக உட்காரும். சி.டி. யாரிடம் இருந்தது? விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் பாடு அதைவிட மோசம். அவர்களும் யூனிகோடு தமிழைப் படிக்கவேண்டும் என்பதற்காக அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006-ல் மறைந்த அவரைக் கம்ப்யூட்டர் படிக்கும் தம்பிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்?

இடையில் தரப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. டிஸ்கி என்பது உலகத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து விவாதித்து உருவாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அங்கீகரித்தது. விசைப்பலகை நல்ல சொத்து, இன்றைக்கும் நான் அதில்தான் தட்டுகிறேன். குறியீடுகள் விஷயத்தில், பத்து ரகசிய மொழிகளைக் குறைக்கப் போய்ப் பதின்மூன்று ஆக்கிக்கொண்டோம் என்பது என் கருத்து. கடைசியில் 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் அரசு யூனிகோடை அங்கீகரித்தது. யூனிகோடு ஓடாத இடங்களுக்கு டேஸ்-16 என்பதையும் வைத்துக்கொண்டது. 1991 எங்கே, 2010 எங்கே!

நஷ்டம் என்ன?

"அதுதான் சரியாகிவிட்டதே, பழங்கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். கூகிளில் இன்றைக்கு 'இடைக்கழிநாடு' என்று தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் யூனிகோடில் எழுதியவை மட்டும். ரகசிய எழுத்தில் எழுதிய கதைகள், பேட்டிகள், ஊர்ச் செய்திகள், இரங்கல் குறிப்புகள் எதுவும் அந்தத் தேடலுக்குத் தமிழாகத் தெரியாது. தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கிலக் கூட்டெழுத்து. அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லிருந்து வெப் பக்கங்களைச் சேமித்துவருகிறது. பழைய தமிழ்த் தளங்கள் சிலவும் அதில் இருக்கின்றன. திறந்தால் தலைப்பொட்டு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றியில் போட்டால்தான் வாயைத் திறக்கும்.

தப்பித்தவை எவை என்று பார்த்தால் உண்மை விளங்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்தது. முதலில் மயிலை, பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு. வீடு மாறும்போதெல்லாம் சாமான்களையும் சிரமப்பட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால்தான் எங்கள் நத்தத்தனாரின் 269 அடியை இன்றைக்கு என் கைப்பேசியில் தேடிப் படிக்க முடிகிறது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடிலேயே பிறந்துவிட்டது, கொடுத்துவைத்தது. தூக்கிப்போக ஆள் இல்லாத தளங்கள்தான் போயின. சங்க காலத்துப் பாட்டு கிடைக்கிறது, 1999-ல் ஒரு தமிழ் மாணவன் எழுதிய கவிதை கிடைக்கவில்லை!

வெள்ளைக்காரன் மட்டும் சும்மா இருந்தானா?

எழுத்துரு வம்பு நம்மைப் போன்ற மொழிக்காரர்களுக்கு வந்தது. மற்ற வம்புகளை உலகம் முழுவதும் பங்குபோட்டுக்கொண்டது. 1994-ல் நெட்ஸ்கேப்பில் எழுத்தை மினுக்க வைக்கும் 'பிளிங்க்' வந்தது. லூ மான்டுல்லி என்ற பொறியாளர் மதுக்கடையில் நண்பர்களோடு பேசிய கேலியை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக நிரலாக்கிவிட்டார்கள் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். கேலி உலகமெல்லாம் மினுக்கியது. 2013-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதைத் தூக்கி எறிந்தது. அதற்கு அண்ணன் தம்பி மாதிரி மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது 'மார்க்கி', அதாவது ஓடும் எழுத்து. இதற்கு மட்டும் இந்தியாவில் சாவே இல்லை! எத்தனையோ கல்லூரித் தளங்களில் "தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள்..." என்று வரி ஓடும். கடைசி நாள் எது என்று படிப்பதற்குள் வரி சுவரில் முட்டி மறைந்துவிடும். மறுபடி அது சுற்றி வரும்வரை பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி நிற்கவேண்டும். பக்கத்திலேயே 'புதுசு' என்று சிவப்பில் மினுக்கும் ஒரு படம். தேதியைப் பார்த்தால் போன வருடத்து அறிவிப்பு.

தேதி என்றதும் ஞாபகம் வருகிறது. 1997-ல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிந்து எங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டமானது. 2019 நவம்பர் 29-ல் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். கடப்பாக்கம் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது! ஆனால் இப்போதும் எங்கள் ஊரைக் காஞ்சிபுரத்திலேயே குடிவைத்திருக்கும் தளங்கள் உண்டு. ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 1996-ல் வெப் வடிவமைப்பின் பத்துத் தவறுகள் என்று ஒரு பட்டியல் போட்டார். காலாவதியான தகவல் அதில் ஒன்று. ஃப்ரேம் போட்டுப் பக்கத்தைத் துண்டாடுவது, ஓடும் எழுத்து, நிற்காமல் ஆடும் படங்கள், இறங்க நேரம் பிடிக்கும் பக்கங்கள் எல்லாமே அதில் உண்டு. படித்துப் பார்த்தால் இன்றைக்கும் ஆள் பேர் சொல்லித் திட்டுவது போலிருக்கும்.

அலங்காரக்காரர்களில் டேவிட் சீகல் ஒரு சுவாரசியமான மனிதர். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அட்டவணையால் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தால் இடைவெளி விட்டு, பத்திரிகை மாதிரி அடுக்குவது எப்படி என்று 1996-ல் புத்தகம் போட்டார். புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. அடுத்த வருடமே, வெப் நாசமாகிவிட்டது, நாசமாக்கியவன் நான்தான் என்ற பொருளில் அவரே ஒரு கட்டுரை எழுதினார்! அழகை வேறாகவும் எழுத்தை வேறாகவும் பிரித்து வைக்கும் சி.எஸ்.எஸ். என்ற முறையை ஹோகன் வியும் லீ 1994-லேயே முன்வைத்திருந்தார். 1996 டிசம்பரில் அது தரமாகவும் அறிவிக்கப்பட்டது. பிரவுசர்கள் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனதால் அட்டவணை வித்தை நீடித்தது.

ஃபிளாஷ் கதை உங்களில் பலருக்கும் தெரியும். முகப்பிலே ஒரு பூ விரியும், கல்லூரிச் சின்னம் சுழன்று சுழன்று வரும், நாதஸ்வரம் வாசிக்கும், ஒரு நிமிடம் கழித்து "உள்ளே செல்க" என்று வரும். பூவோடு மெனுவும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அந்த ஃபிளாஷ் பெட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியது. பெட்டி மூடிக்கொண்டது. உள்ளே இருந்ததும் போயிற்று.

இவை எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே பழக்கம்தான் தெரிகிறது. செய்தவர் தன் மேஜையில், தன் கணிப்பொறியில், தன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் பார்த்தார். பக்கத்தைப் போஸ்டராக நினைத்தார். வெப் பக்கம் போஸ்டர் இல்லை. அது எழுத்து. தேடுபொறி அதைப் படிக்கவேண்டும், சின்னத் திரையில் அது மடங்கி உட்காரவேண்டும், குரலாக மாறவேண்டும், இருபது வருடம் கழித்து வரும் இன்னொரு இயந்திரம் அதைப் புரிந்துகொள்ளவேண்டும்.

குரலாக மாறுவது என்றேனே, அதற்கு எங்கள் கடற்கரையிலேயே பழைய முன்னுதாரணம் உண்டு. கடப்பாக்கத்திலிருந்து அதே ஈ.சி.ஆரில் தெற்கே போனால் புதுச்சேரி. அதை ஒட்டிய மீனவர் ஊர் வீராம்பட்டினம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் யாரும் அந்த வெப்சைட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. செய்தி மட்டும் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த போன் எச்சரிக்கையை அந்த மையத்து ஒலிபெருக்கிதான் ஊருக்குச் சொன்னது. ஊர் தப்பியது.

இன்றைக்கு அந்த ஒலிபெருக்கி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. என்னோடு படித்த நண்பன் ஒருவன் பார்வையற்றவன். இப்போது அரசுப் பள்ளி ஆசிரியர். அவனுடைய கைப்பேசி தமிழ் எழுத்தைத் தானே வாசித்துச் சொல்லும். கணிப்பொறியில் அவன் வைத்திருப்பது என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு பார்வையற்ற இளைஞர் தொடங்கியது அது. நாளிதழ், விக்கிப்பீடியா, சங்கப் பாட்டு எல்லாம் அவனே படிக்கிறான், என்னைவிட வேகமாக. இந்த வருடச் சந்திப்பின் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. அழகான படம், தங்க நிற எழுத்து, பின்னணியில் நம் கல்லூரி மணிக்கூண்டு. அவன் எனக்குப் போன் செய்தான். "டேய், சங்கத்துலேருந்து என்னமோ வந்திருக்கு. என் போன் 'படம்'னு மட்டும் சொல்லுது. யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டான். தேதியும் நேரமும் நான் படித்துச் சொன்னேன்.

படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் செயலிகள் இப்போது வந்துவிட்டன, உண்மைதான். அச்சு தெளிவாக இருந்தால் ஓரளவு படிக்கும். தங்க எழுத்து, வளைந்த எழுத்து, கட்டம் போட்ட கால அட்டவணை என்றால் உளறும். அதைவிட, நான்கு வரியைத் தட்டி அனுப்புவது சுலபம் இல்லையா? 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. அழைப்பிதழுக்கெல்லாம் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் விடுதி விண்ணப்பம், உதவித்தொகை அறிவிப்பு, தேர்வு அட்டவணை எல்லாம் ஸ்கேன் செய்த படமாகவே தொங்கும் தளங்களைப் பார்க்கும்போது, 1996-ல் எழுத்துரு இல்லாமல் தமிழை ஜி.ஐ.எஃப். படமாக ஒட்டியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் காரணம் இருந்தது. நமக்கு என்ன காரணம்?

நம் வீட்டுக் கதை

கடைசியாக நம் மலர் விஷயம். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலருக்கு முன்னால் பதினொரு மலர்கள் வந்திருக்கின்றன. பழையவை எல்லாம் பேஜ்மேக்கரில் டி.டி.பி. செய்தவை, உள்ளே ரகசிய எழுத்துகள். மூன்று மலர்களின் கோப்புகள் சங்கத்துச் செயலாளர் அண்ணனிடம் சி.டி.யில் கிடைத்தன. நானும் இறுதியாண்டு மாணவர்கள் நால்வரும் சேர்ந்து அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

பொத்தானை அமுக்கினால் முடிகிற வேலை என்று நினைத்துத் தம்பிகள் வந்தார்கள். பழைய எழுத்துருக்களில் எழுத்தைக் கண்ணால் பார்க்கிற வரிசையில் தட்டுவார்கள்: 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'க'. யூனிகோடில் முதலில் 'க', அப்புறம்தான் கொம்பு. மாற்றி மென்பொருள் இதைத் திருப்பிப் போட்டுவிடும். ஆனால் டி.டி.பி. செய்தவர் அவசரத்தில் 'ர'வுக்குப் பதிலாகக் காலைத் தட்டியிருப்பார். அச்சில் வித்தியாசம் தெரியாது, யூனிகோடில் சொல் உடைந்துபோகும். ஔகாரத்தின் பின்பாதிக்கு 'ள' போட்டிருப்பார்கள். ஒரு மலரில் ஆசிரியர்கள் பெயர்ப் பட்டியல் முழுவதும் இப்படி. வரிவரியாக அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டியிருக்கிறது. ஒரு மாணவி மட்டும் எண்பது பக்கம் முடித்திருக்கிறாள்.

முடிந்த பக்கங்களில் மறைந்த ஆசிரியர்களின் கட்டுரைகள் சில இருக்கின்றன. கணிதப் பேராசிரியர் ஒருவர் தம் முதல் நாள் வகுப்பைப் பற்றி எழுதியது. விடுதிச் சமையல்காரர் ஐயாவைப் பற்றி ஒரு மாணவர் எழுதிய நாலு பத்தி. அவர் பெயரைத் தட்டித் தேடினால் இப்போது அது வருகிறது. என் நண்பனுக்கு அதை அனுப்பினேன், அவன் போன் முழுவதையும் வாசித்துக் காட்டிற்றாம்.

மீதி எட்டில் ஐந்தின் அச்சுப் பிரதி நூலகத்தில் இருக்கிறது. மூன்றுக்குக் கோப்பும் இல்லை, பிரதியும் இல்லை, டி.டி.பி. செய்த கடையும் மூடிவிட்டது. 1996, 1998, 2002. உங்கள் வீட்டுப் பரணில், பீரோவுக்கு மேலே, அப்பா பெட்டியில் எங்கேயாவது இருந்தால் சந்திப்பு நாளன்று கையோடு எடுத்து வாருங்கள். நூலக வாசலில் ஒரு மேஜை போட்டிருப்போம். அங்கேயே ஸ்கேன் செய்துகொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் உங்கள் பிரதியைத் திருப்பித் தந்துவிடுவோம்.